தண்ணீர் டிரம்மில் கட்டிய எட்டுக் கூடாரங்கள்

1. மதியம் இரண்டரை மணி

பரமேஸ்வரி அக்கா படுத்திருந்த கூடாரம் பறந்தபோது மணி மதியம் இரண்டரை. இடம் லடாக். நான் சமையல் கட்டடத்து வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். படார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், மலேசியாவில், எங்கள் பீடோங்கில் என் கையால் தைத்த வெள்ளைக் கூடாரம் தரையை விட்டு எழும்பிப் போகிறது. அதன் கயிறுகளில் கட்டியிருந்த நீல டிரம்கள் கடகடவென்று உருண்டு பின்னாலேயே ஓடுகின்றன. அது போன கையோடு பக்கத்துக் கூடாரம், அடுத்து அதற்குப் பக்கத்துக் கூடாரம். தேநீர் ஆறுவதற்குள் ஏழு போய்விட்டன.

பரமேஸ்வரி அக்கா எங்கள் ஊர்ப்பக்கம் செர்டாங்கிலிருந்து வந்திருந்த விருந்தாளி. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான இடம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலி என்று அன்றைக்கு அவர் மட்டும் ஏரி பார்க்கப் போகவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வெட்டவெளியில் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை கம்பளி, கையில் சுடுதண்ணீர் பிளாஸ்க்.

“சாந்தி, கூரை போயிருச்சு லா” என்றார்.

அவர் குரலில் நடுக்கமே இல்லை. கூடாரத்தின் நடுக்கம்பம் அவர் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து கிடந்தது. இரும்புக் கம்பம்.

போட்ட எட்டில் ஒரு கூடாரம் மட்டும் அசையாமல் நின்றது. அது நான் தங்கியிருந்த கூடாரம். அத்தனை களேபரத்திலும் அதைப் பார்த்து எனக்குள் கொஞ்சம் பெருமை வந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அந்தப் பெருமைதான் ஒருவருடைய பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

2. எங்கள் ஊர் முறை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

பீடோங்கில் கூடாரம் வாடகைக்கு விடும் கடையில் நான் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் எங்கள் கெமாதான் போகும். கெமா என்றால் மலாயில் கூடாரம். எங்கள் பக்கத்தில் தமிழிலும் அதுதான் பேச்சு. கேன்வாஸ் தைக்கிற மெஷினில் உட்கார்ந்தேன், பிறகு லாரியில் ஏறிப் போய்க் கட்டவும் கற்றுக்கொண்டேன், கடைசியில் சைட் சூப்பர்வைசர் ஆனேன். எங்கள் கெடா மாநிலத்தில் பெண் பிள்ளை கெமா கட்டுவதைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் எல்லாம் பிறகு “சாந்திக்கா வந்தாத்தான் வேல” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

எங்கள் ஊரில் கூடாரத்துக்கு முளை அடிக்க முடியாது. எஸ்டேட் வீட்டு வாசலில் கடப்பாரையை இறக்கினால் தண்ணீர்க் குழாய் உடையும். டவுனில் எல்லாம் தார் ரோடு. கோயில் வளாகத்தில் கல் பாவியிருப்பார்கள், பூசாரி விடமாட்டார். ஆகவே டிரம். நீல பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் ரொப்பி, அதில் கயிற்றைக் கட்டுவோம். போகும்போது தண்ணீரை ஊற்றிவிட்டு டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், யார் நிலத்திலும் ஒரு ஓட்டை இருக்காது.

டிரம்முக்கு நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். கழுத்துவரை ரொப்பு, மூடியை இறுக்கு. தண்ணீர் தளும்பினால் டிரம் சாயும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் கொசு. திறந்த தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டை போட்டால் டெங்கி, சுகாதார இலாகாக்காரர் பார்த்தால் சம்மன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது மூடி இறுக்கத்தான். அந்த முறையில் கட்டிய என் கூடாரம் எதுவும் அதுவரை விழுந்ததே இல்லை. ஒரு கல்யாணத்தில் அடித்த காற்றுமழையில் மேடை அலங்காரம் மொத்தமும் போயிற்று, கூடாரம் நின்றது. மாப்பிள்ளை மாலையோடு வந்து எனக்கு நன்றி சொன்னார்.

கடையை இப்போது நடத்துவது கதிர். பழைய முதலாளியின் மகன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர்தான் ஒருநாள் கிளாம்பிங் என்று ஆரம்பித்தார். ஓட்டல் மாதிரி கட்டில், மெத்தை, விளக்கு எல்லாம் வைத்த கூடாரத்தில் ஜனங்கள் காசு கொடுத்துத் தங்குவார்களாம். மழைக்கு ஒழுகாத வீடு வேண்டும் என்று மனுப் போட்டு மனுப் போட்டு வாழ்ந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. “வீட்ட விட்டுட்டு எதுக்குப்பா கெமாவுல படுக்கணும்?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அளவு நோட்டைக் கையில் கொடுத்தார்.

அலோர் ஸ்டாரில் டூர் கம்பெனி வைத்திருக்கும் செல்வா சார்தான் வாடிக்கையாளர். ஜெராய் மலை அடிவாரத்தில் பழைய ரப்பர் தோட்டத்து ஓரமாக அவருக்குப் பெல் டென்ட் தைத்துக் கொடுத்தோம். வட்டமாக, நடுவில் ஒரு கம்பத்தோடு, மணி கவிழ்த்த மாதிரி இருக்கும். விருந்தாளிகள் புழுக்கம் என்று முறையிட்டார்கள், அதனால் சுவரின் அடியில் காற்று வர வலை ஜன்னல் வைத்தேன். அது பிடித்துப்போய், லடாக்கில் தான் குத்தகைக்கு எடுத்திருந்த இடத்துக்கும் அதே மாதிரி எட்டு வேண்டும் என்றார் செல்வா சார். கட்டிக் காட்ட ஆளும் வரவேண்டும் என்றார். கதிரும் நானும் போனோம்.

3. பட்டாளத்துத் தமிழ்

லே நகரத்தில் மூச்சு பழகுவதற்காக மூன்று நாள் சும்மா படுத்துக் கிடந்தோம். பிறகு ஜீப்பில் அரை நாள் பயணம். ஜெராய் மலையை மூன்று தடவை அடுக்கி வைத்தாலும் அந்த உயரம் வராது. மேட்டுப் பாலைவனம் என்றால் மணல்மேடு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது வேறு. கல், சரளை, கண்ணுக்கு எட்டிய வரை மரமே கிடையாது, ஓரமாக ஒரு சின்ன ஓடை. செம்பனைத் தோட்டத்துப் பச்சையிலேயே இருந்தவள் நான். அங்கே இறங்கியதும் ஏதோ சாமான் எல்லாம் எடுத்துவிட்ட வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இரண்டாம் நாளே அந்த இடத்தின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் துணி மடிப்புக்கூட அழகாகத் தெரிந்தது.

சைட்டில் கல்லால் கட்டிய சமையல் கட்டடம் ஒன்றும் அதை ஒட்டி ஓர் அறையும் இருந்தன. கதிர் அந்த அறையைப் பிடித்துக்கொண்டார். கெமாக்கடை முதலாளிக்குக் கெமாவில் தூக்கம் வராது, இது எங்கள் கடை ரகசியம்.

அங்கே வேலைக்கு மேஸ்திரி ஸ்டான்சின். ஐம்பது வயது இருக்கும், குள்ளமான ஆள், முகமெல்லாம் வெயில் சுருக்கம். இளவயதில் பட்டாளத்துக்குச் சாமான் சுமந்தவர். அந்த முகாமில் இருந்த தமிழ் ஜவான்களிடம் தமிழ் பழகியிருக்கிறார். ஆனால் ஜவான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற தமிழ்தானே அவர் காதில் விழுந்திருக்கும்? மரியாதை என்கிற ஒன்று அதில் இல்லவே இல்லை. முதல் நாளே என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, “அக்கா, வாடா, சாப்பிடு” என்றார். கதிர் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போயிற்று.

பிடித்துப்போயிற்றே தவிர, அவர் சொன்னதைக் கேட்கவில்லை. லேயில் வாங்கிய பழைய நீல டிரம்கள் லாரியில் வந்து இறங்கியதுமே அவர் தலையை ஆட்டினார். குழி தோண்டி, சாக்கில் கல் ரொப்பிப் புதைத்து, அதில் கயிறு கட்டவேண்டும், அதுதான் அங்கே வழக்கம் என்று கையாலும் வாயாலும் விளக்கினார். நான் குழி தோண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ஒரு கூடாரத்துக்கு அரை நாள் என்றார். நாலே நாளில் விருந்தாளிகள் வருகிறார்கள். எட்டுக் கூடாரம், அத்தனைக்கும் பாறைத் தரையில் ஆறு ஆறு குழி.

“தண்ணி வேணாம் அக்கா. நைட்டு ஐஸ் ஆகும். டிரம் உடையும்” என்றார்.

தெளிவாகத்தான் சொன்னார். எனக்கும் தெளிவாகத்தான் புரிந்தது. இருந்தாலும் என் புத்தி வேறு கணக்குப் போட்டது. ஐஸ் ஆனால் என்ன, எடை குறையவா போகிறது? சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு டிரம்மை ரொப்பி, சமையல் கட்டடத்துச் சுவர் ஓரமாக இரண்டு நாள் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் அடுப்பு எரிகிறது, டிரம் குளிர் காய்ந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை. ஸ்டான்சினைக் கூப்பிட்டுக் காட்டி, “பாத்தீங்களா?” என்றேன். அவர் டிரம்மைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மெல்லச் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார். அவரும் அவருடைய நாலு ஆட்களும் ஓடையிலிருந்து பம்ப் போட்டு நாற்பத்தெட்டு டிரம்மையும் நான் சொன்னபடி ரொப்பினார்கள். மூடியை இறுக்கினார்களா என்று ஒவ்வொன்றாக நானே திருகிப் பார்த்தேன். கொசுவே இல்லாத ஊரில் கொசுவுக்குப் பயந்து மூடி இறுக்கியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

4. கல் மாதிரி இருந்தது

செல்வா சாரோடு விருந்தாளிகள் பதினாலு பேர் வந்தார்கள். பீடோங், அலோர் ஸ்டார், செர்டாங் என்று எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். சம்பல் பாட்டில், ஊறுகாய், மைலோ பானத் தூள் என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். பாதிப் பேர் ஆயுளில் கூடாரத்துக்குள் படுத்தது கிடையாது. மெத்தையையும் கம்பளியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். “நம்ம பீடோங்கு கையி தச்சதாம்” என்று ஒருவர் மற்றவருக்குக் கூடாரத்தைக் காட்டியபோது எனக்கு மனது நிறைந்துவிட்டது.

முதல் இரண்டு நாள் மேகமூட்டம், குளிர் பொறுக்கிற அளவு. பிறகு வானம் வெளுத்தது, குளிர் எலும்பில் ஏறியது. மூன்றாம் நாளும் நாலாம் நாளும் காலையில் எழுந்ததும் டிரம்களை ஒரு சுற்றுப் பார்த்து ஒவ்வொன்றையும் காலால் உதைத்தேன். கல் மாதிரி இருந்தது. ஐஸ் கட்டினால் இன்னும் நல்லது என்று சந்தோஷப்பட்டேன். வெளியே பிளாஸ்டிக்கில் மெல்லிய கோடு விட்டிருந்ததை நான் குனிந்து பார்க்கவில்லை. நாலாம் நாள் மதியம் டிரம்களுக்குப் பக்கத்தில் சரளை நனைந்திருந்தது. யாரோ பல் விளக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, கண்ட இடத்தில் தண்ணீர் கொட்டாதீர்கள் என்று சொல்லவேண்டும் எனக் குறித்துக்கொண்டேன்.

அன்றைக்கு இரண்டரை மணிக்குத்தான் கூடாரங்கள் பறந்தன. நடந்தது இதுதான். வெயிலில் இற்றுப்போன பழைய டிரம், கழுத்துவரை தண்ணீர், இறுக்கின மூடி. உள்ளே ஐஸ் உப்பியபோது அதற்குப் போக இடம் இல்லை, டிரம் பிளந்தது. உறைந்திருந்த வரை ஐஸே ஓட்டையை அடைத்துக்கொண்டது. உச்சி வெயிலில் உருகி எல்லாம் ஓடிப்போனது, சரளை குடித்துவிட்டது. அந்தப் பக்கத்தில் தினமும் மதியத்துக்கு மேல்தான் காற்று கிளம்பும். காலி டிரம்மில் கட்டிய கூடாரம், அதுவும் அடியில் வலை ஜன்னல் வைத்த கூடாரம், அந்தக் காற்றுக்கு முன்னால் எப்படி நிற்கும்?

கொஞ்சம் மூடியைத் தளர்த்தி, கால் பங்கு காலியாக விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். இருபத்தெட்டு வருஷம் சரியாக இருந்த சட்டம் ஒரு ராத்திரிக் குளிரில் தப்பாகிப்போனது.

5. ஒரு பேர்

காற்று அடங்க ஒரு மணி நேரம் ஆனது. கிழிந்த கேன்வாஸைச் சேகரித்து ஸ்டான்சின் ஆட்கள் கல் வைத்து அமுக்கினார்கள். கதிர் முகம் வெளிறி என்னிடம் வந்து, எப்படி அக்கா இப்படி ஆச்சு என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. கையை நீட்டி என் கூடாரத்தைக் காட்டினேன். “என் கெமா நிக்குதே கதிர். அதே டிரம்மு, அதே கயிறு. மத்ததுல சரியா ரொப்பல, அவ்வளவுதான்” என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பப் பெற முடியுமானால் பெற்றுக்கொள்வேன்.

நாலரை மணிக்கு விருந்தாளிகளோடு செல்வா சார் ஏரியிலிருந்து திரும்பினார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பரமேஸ்வரி அக்கா கட்டிலையும் பக்கத்தில் கிடந்த கம்பத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரைச் சமையல் கட்டடத்துக்குள் கூப்பிட்டு, இதற்கு யார் பொறுப்பு, எனக்கு ஒரு பேர் வேண்டும் என்று கேட்டார். கதிர் நான் சொன்னதை அப்படியே சொன்னார். லோக்கல் ஆட்கள் சரியாக ரொப்பவில்லை, மேஸ்திரி பார்க்கவில்லை.

ஸ்டான்சினைக் கூப்பிட்டார்கள். நீ ரொப்பினாயா என்று கேட்டதற்கு, நான் ரொப்பினேன் என்றார். அது உண்மைதானே? யார் ரொப்பச் சொன்னது என்று அவரை யாரும் கேட்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம், அடுத்த சீசனுக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று செல்வா சார் சொல்லிவிட்டார். அந்த ஊரில் கோடையில் ஐந்து மாதம்தான் இப்படி வேலை. மற்ற ஏழு மாதமும் அதை வைத்துத்தான் வீடு ஓடவேண்டும். இது ஸ்டான்சின் எனக்கு முன்பே சொன்னதுதான். மூத்த பெண் லேயில் படிக்கிறாள் என்றும் சொல்லியிருந்தார்.

நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மனது உறுத்தியது. ஆனாலும் என் கூடாரம் நிற்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்டான்சின் வெளியே வந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நேராகக் கிராமத்துப் பக்கம் நடந்தார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். விருந்தாளிகள் அன்றைக்குப் படுக்க ஆறு வீடுகளில் இடம் கேட்டு வைத்துவிட்டு வந்திருந்தார். பரமேஸ்வரி அக்காவின் பையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

6. மண்ணுக்குள் போன கயிறு

கிழிந்த துணியைத் தைக்க ஊசி எடுத்து வரலாம் என்று என் கூடாரத்துக்குப் போனேன். வாசலில் ஷூவைக் கழற்ற ஒரு டிரம்மில் கை ஊன்றினேன். அது உருண்டது. நானும் அதோடு விழுந்தேன்.

எழுந்து தூக்கிப் பார்த்தேன். இறகு மாதிரி இருந்தது. அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. ஆறு டிரம்மையும் பார்த்தேன். ஆறும் காலி.

அப்படியானால் இந்தக் கூடாரத்தை எது பிடித்துக்கொண்டிருக்கிறது? கயிறு கயிறாகத் தடவிக்கொண்டு போனேன். என் வெள்ளைக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கயிறு ஓடியது. யாக் மாட்டு மயிரில் திரித்தது, மண் நிறம், கண்ணுக்குத் தெரியாது. அது சரிவாகப் போய் மண்ணுக்குள் இறங்கியது. கையால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் ஒரு சாக்கு தட்டுப்பட்டது. உள்ளே கல். சுற்றி வந்து எண்ணினேன், ஆறு இடத்தில் அதே கயிறு.

விருந்தாளிகள் வருவதற்கு முதல் நாள் கதிரும் நானும் மெத்தை எடுத்து வர ஜீப்பில் போயிருந்தோம். திரும்பி வந்தபோது ஸ்டான்சின் கை முழுவதும் மண், நகம் ஒன்று பெயர்ந்திருந்தது. நான் சொல்லிவிட்டுப் போன வேலையில் பாதிதான் முடிந்திருந்தது. நாள் பூராவும் என்ன செய்தீர்கள் என்று அவர் ஆட்களுக்கு முன்னால் திட்டினேன். சரி அக்கா, சரி அக்கா என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் கூடாரத்துக்குச் செய்த நல்லதை வைத்தே அவர் கழுத்தை அறுத்திருக்கிறேன். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிளந்த டிரம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சமையல் கட்டடத்துக்குப் போனேன். செல்வா சாரும் கதிரும் மட்டும் இருந்தார்கள்.

நான் டிரம்மை மேசை மேல் வைத்தேன். “சார், பேரு கேட்டீங்க. அந்தப் பேரு என் பேருதான்” என்றேன்.

பிறகு ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஸ்டான்சின் வேண்டாம் என்றது, நான் சுவரோரம் வைத்துச் சோதித்தது, மூடியை நானே இறுக்கியது, மண்ணுக்குள் இருந்த கயிறு. கதிர் இடையில் “அக்கா, போதும்” என்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் வந்திருக்காது.

செல்வா சார் டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு முழம் தள்ளி விழுந்திருக்கு, சாந்தி. ஒரு முழம்” என்றார். வெளியே போய் டார்ச் அடித்து அந்தக் கயிற்றைத் தானே பார்த்தார். பிறகு கிராமத்துக்கு நடந்து போய் ஸ்டான்சினிடம் மன்னிப்புக் கேட்டு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த விஷயத்தில் அவர் பெரிய மனுஷர்.

எங்கள் கடை தப்பவில்லை. மறுவருஷத்துக் கூடார வேலையை அவர் வேறு கடைக்குக் கொடுத்தார், ஜெராய் அடிவாரத்து வேலையும் கையை விட்டுப் போனது. என்னை ஒரு வருஷம் சைட்டுக்கு அனுப்பவில்லை, மெஷினில் உட்கார்ந்தேன். அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். கதிர் அன்றைக்கு வெளியே வந்து, “உங்க பேரக் காப்பாத்தத்தானே அக்கா அப்படிச் சொன்னேன்” என்றார். தெரியும் தம்பி என்றேன். சொன்னது அவர் வாய் என்றாலும் வார்த்தை என்னுடையது. ஊருக்குத் திரும்பும் வழியில் டெல்லி வரை கதிர் என்னோடு பேசவில்லை. டெல்லி விமான நிலையத்தில் ஒரு கப் தேநீர் வாங்கிவந்து என் முன்னால் வைத்துவிட்டு, சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். எனக்குச் சர்க்கரை வியாதி. அவர் கோபத்தில்கூட அது ஞாபகம் இருந்திருக்கிறது.

7. குழி தோண்டிய மூன்று நாள்

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மூன்று நாள் மிச்சம் இருந்தது. ஏழு கூடாரத்தில் ஐந்தை ஊசியால் தைத்துத் தேற்றினேன், அடி ஜன்னல்களை எல்லாம் துணி வைத்து மூடினேன். அந்த ஐந்துக்கும் குழி தோண்டினோம். இந்தத் தடவை மேஸ்திரி அவர், கூலியாள் நான். என் வேலை சாக்கில் கல் ரொப்புவது. உருண்டைக் கல் வேண்டாம், தட்டைக் கல் எடு என்று அதட்டினார். குழியை நேராகத் தோண்டாமல் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துத் தோண்டவேண்டும், சாக்கு கிடைவசமாகக் கிடக்கவேண்டும், மேலே மண்ணைப் போட்டு மிதிக்கவேண்டும், ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்தால் ராத்திரியில் உறைந்து இறுகிக்கொள்ளும். அங்கே தண்ணீருக்கு உரிய வேலை அதுதான். பரமேஸ்வரி அக்கா தலைவலி தேறி, கல் மேல் உட்கார்ந்து எங்கள் எல்லாருக்கும் பிளாஸ்க்கிலிருந்து மைலோ ஊற்றிக் கொடுத்தார். ஸ்டான்சினுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் கல்லைத் தூக்கிக்கொண்டே கேட்டேன். அவர் கையை ஆட்டி, விடு அக்கா, தோண்டு என்றார்.

மூன்றாம் நாள் கடைசிக் குழியை மிதித்து முடித்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். என்னால் அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

“என் கெமாவுக்கு மட்டும் கல் போட்டீங்களே. ஏன் என்கிட்ட சொல்லல?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். குத்தலே இல்லாத சிரிப்பு.

“சொன்னா நீ எடுக்கச் சொல்லுவ அக்கா.”

அது உண்மை. எடுக்கச் சொல்லியிருப்பேன். எடுத்துவிட்டார்களா என்று போய்ப் பார்த்தும் இருப்பேன்.

பிள்ளைகளே, டிரம், குழி, முடிச்சு எல்லாம் யாரிடமாவது கேட்டால் கற்றுக்கொள்ளலாம். எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த பாடம் வேறு. உங்களோடு வேலை செய்கிற ஒருவர், உங்களுக்குச் செய்கிற நல்லதைக்கூட உங்களுக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்ய வேண்டியிருந்தால், அந்த சைட்டில் கோளாறு டிரம்மில் இல்லை. உங்களிடம் இருக்கிறது.